பனி நாட்டில் நான் சேர்த்த பாத்திரங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், காரைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து திரும்பியிருந்தேன். மாடிப்படி ஏறக் கூடாது, வாசலைத் தாண்டி நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அறுபது வயதைக் கடந்த பின்னும் பகலில் படுத்தறியாத எனக்கு, வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, ஒட்டிய கீழ் அறையில் கட்டிலே கதியென்று கிடப்பது பெரும் தண்டனையாக இருந்தது.

அது என் மகளின் அறை. கல்லூரியில் படித்த நாட்களில் அவள் அடம்பிடித்து வாங்கிய கணிப்பொறி, நான் தைத்துப் போட்ட பூப்போட்ட உறைக்குள், அதே மேசைமீது அப்படியே இருந்தது. அவள் கனடாவுக்கு வேலைக்குப் போய்ப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அவளுடைய திருமணத்தைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்த அன்றிலிருந்தே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவோம். எவர்சில்வர் அடுக்கு, பித்தளைக் குடம், வெண்கலப் பானை, பீங்கான் ஜாடி, எனாமல் பூசிய மங்குத் தட்டு என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பெயர் வெட்டி மாடி அறையில் அடுக்குவோம். திருமணத்தன்று அவற்றையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைப்போம். வந்தவர்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தேன். ஒரு தீபாவளிக்கும் எனக்கென்று நல்ல புடவை எடுத்ததில்லை; அந்தத் தொகை ஏதாவது ஒரு பாத்திரமாக மாடிக்குப் போய்விடும். ஆனால் என் மகள் தன்னுடன் வேலை பார்த்த நல்ல பையன் ஒருவரைக் கனடாவிலேயே எளிமையாக மணந்துகொண்டாள். மாப்பிள்ளையைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. இருவரும் வந்து பிள்ளையார்பட்டியில் கும்பிட்டு, மாலை மாற்றிக்கொண்டார்கள்; உறவினர்களுக்கு விருந்தும் வைத்தோம். சாமான் பேச்சை எடுத்தபோதுதான் அவள் முகம் மாறியது.

"எனக்கு ஒண்ணுமே வேணாம் ஆத்தா. தயவுசெஞ்சு அந்தப் பேச்ச எடுக்காத."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிநாட்டு வாழ்க்கையில் நம் பாத்திரங்கள் அவளுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றுகின்றன போலும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மாடி அறையைப் பூட்டினேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டாயா, மழை பெய்ததா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத் தாண்டிப் பேச எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு காலத்தில் என்னிடம் மணிக்கணக்கில் கதைபேசிய பெண், இப்போது என்ன பேசுவது என்று தேடுவது தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது. அவளை நான் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கட்டிலில் கிடந்த அந்த ஆடி மாதத்தில், அவளுடைய கல்லூரிக் காலப் படங்களைப் பார்க்கலாம் என்ற ஆசையில் கணிப்பொறியின் உறையை நீக்கினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மற்றதெல்லாம் வார இதழ்களும் நூலகமும் ஓர் ஆங்கில-தமிழ் அகராதியும் சொல்லிக்கொடுத்தவை. கணிப்பொறியைத் தொடுவதற்கு அஞ்சுகிறவள் அல்லேன். அது நெடுநேரம் முனகிவிட்டு உயிர்பெற்றது. படங்களுக்கு அருகில் ஒரு வாளின் சின்னம் இருந்தது. அதைக் கண்டதும் நெஞ்சு இளகிவிட்டது.

மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் அவள் விளையாடும் விளையாட்டு அது. அதன் இசை வளவெங்கும் பரவும். நான் காபியை எடுத்துக்கொண்டு போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். திரையில் பனி பெய்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் அதைப் பார்ப்பதே ஒரு சுகம். "இது எந்த ஊருடி?" என்று கேட்பேன். "இல்லாத ஊரு ஆத்தா" என்று திரும்பாமலே சொல்வாள். புதுவயல் அரிசி ஆலையில் கணக்கராக இருந்த என் கணவர் வந்ததும் முணுமுணுப்பார்: "பொம்பளப் புள்ள கத்தியத் தூக்கிக்கிட்டு மலையேறித் திரியிது. நல்லாத்தேன் வளத்திருக்க." அவள் சிரித்துக்கொண்டே மலையேறுவாள்.

வாள் சின்னத்தை அழுத்தினேன். 'தொடர்க' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தெரிந்தது. அதையும் அழுத்தினேன்.

ஒரு மரப்பாலத்தின் அருகே, முதுகில் வில்லோடு, பழுப்பு மேலங்கி அணிந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் மகள் விளையாட்டில் நடத்திச் சென்றவள். கனடாவுக்குப் பெட்டி கட்டிய வாரத்தில் அவளை அங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் இங்கே எத்தனையோ நடந்துவிட்டன. அவள் மட்டும் உட்காராமல், உண்ணாமல், ஆற்றைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். மூச்சு விடும்போது அவள் தோள் ஏறி இறங்கியது. என் கை விசைப்பலகையைத் தொடத் தயங்கியது. பிறர் பொருளை அனுமதியில்லாமல் எடுப்பதைப் போல் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமையல்ல. ஆயினும் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவளுக்கு அது விடிகாலை.

"என்ன ஆத்தா? கால் வலியா? அப்பச்சி எங்க?" என்று பதறினாள். தன் தந்தையை அவள் அப்பச்சி என்றுதான் அழைப்பாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒன் ஆளு பாலத்துக்கிட்டயே நிக்கிது. நான் கொஞ்சம் நகத்தலாமா?"

சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. பழைய சிரிப்பு. மாப்பிள்ளை எழுந்து என்ன என்று கேட்பதும் எனக்குக் கேட்டது.

"நகத்து ஆத்தா, நகத்து! ஆத்துல மட்டும் எறக்கிப்புடாத, செத்துப்போவா!"

அன்றிலிருந்து நான் அந்த நாட்டில் நடக்கத் தொடங்கினேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த விளையாட்டில் மந்திரமும் அரக்கரும் இருந்தாலும், இந்த வழியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கண்ணில் படுகின்ற மலை எதுவானாலும் அதன்மீது ஏறலாம். தெரிகின்ற வீடு எதுவானாலும் அதன் கதவைத் திறக்கலாம். இராமேஸ்வரத்தைத் தாண்டிக் கடலும் கொடைக்கானலைத் தாண்டிக் குளிரும் பார்த்தறியாத எனக்கு, நடக்கக் கூடாது என்று கட்டிப்போடப்பட்ட காலத்தில், ஒரு நாடே காலடியில் விரிந்தது. முதல் நாள் ஓர் ஓநாயைக் கண்டு எழுந்தே ஓடப் பார்த்தேன், முழங்கால் அனுமதிக்கவில்லை. சிலமுறை செத்தேன். மீண்டும் எழுந்தேன்.

அந்த நாட்டில் கண்ணில் படும் பொருள்களையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். குவளை, தட்டு, கிண்ணம், அண்டா, கரண்டி, எதுவும். என்னைப் போன்ற ஒருத்தியிடம் இப்படி ஓர் உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு குடியானவர் வீட்டுக்குள் நுழைந்து, அடுக்கியிருந்த தட்டுகளை மரியாதையாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காவல்காரன் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டான். நான் வெலவெலத்துப் போய் மகளை அழைத்தேன்.

"அது அடுத்தவுக வீடு ஆத்தா! அங்க எடுத்தா திருட்டு."

"வாங்கன்னு சொன்னாகளே! நான் என்னத்தக் கண்டேன், தாம்பூலமாக் குடுக்குறாகன்னு நெனச்சேன்."

அதன் பின்னர் ஆளற்ற கோட்டைகளிலும் குகைகளிலும் மட்டுமே எடுத்தேன். ஒரு நாள் திரையிலிருந்த அந்தப் பெண் ஓடவே மறுத்தாள். தரையில் உடும்பு நகர்வதைப் போல் நகர்ந்தாள். இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்னென்ன வச்சிருக்க? வாசி."

வாசித்தேன். பாதி வாசிப்பதற்குள் மறுமுனையில் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அம்புட்டையும் தூக்கிக்கிட்டு யாரு ஓடுவா? இந்த வெளையாட்ட ஒலகமே வெளையாடுது. அண்டாவுக்காக யாரும் கோட்டைக்குள்ள போகல ஆத்தா!"

"அருமையான அண்டாடி. ஈயம் பூசுனா நூறு பேருக்கு ஆக்கலாம்."

இப்படி நாள்தோறும் பேச்சு வளர்ந்தது. காலையில் அவள் காபி போடும்போது நான் எந்த மலையில் இருக்கிறேன் என்று கேட்பாள். அந்த மலைக்குப் பின்னால் ஓர் ஏரி உண்டு, அங்கே மாலையில் போய் நின்று பார் என்பாள். என் கணவரும் மெல்ல மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் வழி சொல்வதில் அவருக்கு நிகர் அவரே. "இங்குட்டு எதுக்குப் போற? அங்குட்டுப் போ, அங்குட்டு ஒரு பொந்து தெரியிது." அவர் காட்டிய பொந்துகளிலெல்லாம் கரடிகள் இருந்தன. "நீகளே வந்து ஓட்டுறீகளா?" என்று கேட்டால், ஆலைக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவார். அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகின்றன.

சேர்த்த பாத்திரங்களை வைக்க இடம் வேண்டுமல்லவா? என் மகளின் வீராங்கனைக்கு அந்த நாட்டில் சொந்த வீடு இல்லை. விளையாடிய காலமெல்லாம் சத்திரங்களிலேயே தங்கியிருக்கிறாள். ஆகவே நானும் ஒரு சத்திரத்தில் அறை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த மரப்பெட்டியில் எல்லாவற்றையும் வைத்தேன். வெள்ளித் தட்டுகள் ஒரு பக்கம், செம்புக் கிண்ணங்கள் ஒரு பக்கம் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டேன். மீண்டும் புறப்பட்டு ஆவணி முழுவதும் மலைகளில் திரிந்தேன். புரட்டாசியில் ஒரு மாலை திரும்பிவந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு ரொட்டித்துண்டும் ஒரு மெழுகுவர்த்தியும்தான் இருந்தன.

விளையாட்டு என்று தெரியும். இருந்தாலும் பெட்டியை மூடி மறுபடியும் திறந்து பார்த்தேன். மகளை அழைத்துச் சொன்னேன்.

"எந்தப் பெட்டியில வச்ச? சத்திரத்துலயா? ஐயோ ஆத்தா, அது வாடகை ரூமு. அங்க வச்சது நிக்காது. கொஞ்ச நாள்ல தொடச்சு எடுத்துருவாக. சொந்த வீடுன்னு ஒண்ணு இருந்து அங்க வச்சாத்தேன் வச்சது வச்ச மாதிரி கெடக்கும்."

"இத மொதல்லயே சொல்லப்படாதா? அம்புட்டும் நல்ல சாமானுடி."

வழக்கம்போல் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆத்தா, ஒண்ணு சொன்னா வைய மாட்டியே?"

"சொல்லுத்தா."

"நான் மொதமொதல்ல கெளம்புனப்ப, அடுப்படியிலருந்து தாளிப்புக் கரண்டிய எடுத்து எம் பையில போட்டியே, ஞாபகம் இருக்கா?"

மறப்பேனா? நான் வாழ வந்த நாளிலிருந்து அந்த இரும்புக் கரண்டியில்தான் தாளித்தேன். வண்டி வாசலில் நிற்கும்போது, எண்ணெயைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி அவள் பையில் செருகினேன்.

"அது தொலஞ்சுபோச்சு ஆத்தா. அப்ப வருசா வருசம் வீடு மாறிக்கிட்டு இருந்தேன். ஒரு எடத்துல கீழ்த்தளத்துல பெட்டிகள வச்சுட்டு, பெறகு எடுத்துக்குறேன்னு போனேன். திரும்பி வந்தா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாக. குப்பையில எல்லாம் தேடிப் பாத்தேன்."

அழத் தொடங்கிவிட்டாள்.

"ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒத்தக் கரண்டியவே என்னால வச்சிருக்க முடியல. நீ எனக்காகச் சேத்த அம்புட்டையும் குடுத்தா, நான் எங்க வச்சுக் காப்பாத்துறது? அதத்தேன் வேணாம்னு சொன்னேன். நீ வேற மாதிரி நெனச்சிருப்பேன்னு தெரியும். தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

நம் பாத்திரங்களைப் பார்த்து அவள் வெட்கப்படுகிறாள் என்று எண்ணியிருந்தேன். அவளோ அவற்றின் அருமை தெரிந்ததால் அஞ்சியிருக்கிறாள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு இத்தனை ஆண்டுகளும், இல்லாத ஊரில் ஒரு காலிப் பெட்டியும் தேவைப்பட்டிருக்கின்றன.

"போனாப் போகுது போத்தா. கரண்டி என்ன, ஒன்ன மாதிரி ஒண்ணே ஒண்ணா? கடவீதியில ஆயிரம் தொங்குது."

பின்னால் நாற்காலியில் இருந்த என் கணவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கியில் வைத்திருந்த தொலைபேசியை நோக்கிக் குனிந்து, "கரண்டி அங்கயா போச்சு? அதானே பாத்தேன், இங்க இத்தன வருசமா ரசத்துல வாசமே இல்லையேன்னு!" என்றார்.

அழுதுகொண்டிருந்தவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். "அப்பச்சி, நீகளும் கேட்டுக்கிட்டுத்தேன் இருந்தீகளா?" என்றாள். அன்று நாங்கள் மூவரும் பேசி முடித்தபோது இங்கே நன்றாக இருட்டிவிட்டது. என்னென்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேடிப் பேசவில்லை, பேச்சு தானாக வந்தது.

மறு ஆண்டு தை மாதம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வந்த மறுநாளே அவள் மாடி அறைச் சாவியைக் கேட்டாள். என் முழங்கால் தேறியிருந்ததால் நானும் கூடப் போனேன். சன்னல்களைத் திறந்துவிட்டு ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பெயரை வாசித்தாள். எதை எப்போது வாங்கினேன் என்று கேட்டாள். சொன்னேன். கடைசியில், பச்சை விளிம்பு வைத்த ஒரு மங்குத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வந்து, கழுவி, அதில் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். ஊருக்குப் புறப்படும்போது அதைப் பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் ஆத்தா. இங்கயே இருக்கட்டும். வரும்போதெல்லாம் எனக்கு இதுலதேன் போடணும்."

இந்த முறை அந்த 'வேணாம்' என்னை வருத்தவில்லை.

அவள் இங்கிருந்த நாட்களில் ஒரு காலை, இருவரும் கணிப்பொறி முன்னால் அமர்ந்தோம். இத்தனை புதிய விளையாட்டுகள் வந்த பிறகும் இதை ஏன் இன்னும் எல்லோரும் விளையாடுகிறார்கள் என்று கேட்டேன். அவளுடைய தோழிகளில் பிள்ளை பெற்றவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த நாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்களாம். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: இந்தக் கதையில் ஒரு பெரிய போர் இருக்கிறது. முதல் நாளே அவசரம் என்று சொல்லி அனுப்புவார்கள். ஆனால் நாம் போகிறவரையில் அந்தப் போர் தொடங்கவே தொடங்காது. நாம் பூப்பறிக்கலாம், மலையேறலாம், ஏரிக்கரையில் சும்மா நிற்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேறெங்கே அப்படி ஓர் இடம் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டுத் தன் வீராங்கனைக்கு ஏரியோரமாக ஒரு சிறு வீடு வாங்கினாள். முதல் வேலையாக என்ன வைக்கலாம் என்று என்னைப் பார்த்தாள். நான் எதையும் வைக்கச் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, இருவரும் வாசலில் நின்று பனி பெய்வதைப் பார்த்தோம். அப்போது காரைக்குடியில் நல்ல வெயில்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கிருந்தும் அவள் அங்கிருந்தும் அந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறோம். அவள் பார்க்காத மூலைகளைக்கூட நான் பார்த்துவிட்டேன் என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. அந்தப் பெரிய போரை ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று மாப்பிள்ளை கேலி செய்கிறார். முடிக்கத் தெரியாமல் இல்லை. பிள்ளைகள் தொலைவில் வாழும் இந்தக் காலத்தில், அவர்களோடு அவசரமில்லாமல் நடப்பதற்கு ஒரு வழி எனக்குக் கிடைத்திருக்கிறது. அது எந்த ஊர் வழியாகப் போனால் என்ன, என் மகள் கூட வருகிறவரையில் நான் நடந்துகொண்டே இருப்பேன்.